தலைப்பிரசவம் கணக்கில் வராது

மதிப்பீடு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் உடம்பு பற்றிக்கொண்டு வருகிறது. யாராவது மேடையேறி, இந்தத் திட்டத்தை ஆராய்ந்தோம், புள்ளிவிவரப்படி வெற்றி என்று நிரூபித்தோம் என்று சொன்னால், யாரை எண்ணினீர்கள், யாரை விட்டீர்கள் என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரும். கேட்டும் இருக்கிறேன். அப்படிக் கேட்ட இடங்களில் மறுபடி என்னைக் கூப்பிடுவதில்லை. போகட்டும், அவர்கள் போடும் தயிர்சாதப் பொட்டலம் இல்லாமல் என் வயிறு ஒன்றும் காய்ந்துவிடவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் எம்.ஏ. பொருளாதாரம் படித்தேன். எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. நாங்கள் ஆடு வைத்துப் பிழைத்த குடும்பம். கிடை போட ஊர் ஊராக அலைந்தது குறைந்து, இருந்த கொஞ்சம் கரிசலில் உளுந்தும் கம்பும் போட ஆரம்பித்திருந்தார் அப்பா. அண்ணன் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றினான். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம், அங்கே மேசையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது.

அண்ணனுக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது. மதினிக்கு என்னைவிட வயது குறைவு. கழுகுமலைக்கும் அந்தப் பக்கம், பஸ்ஸைவிட்டு இறங்கிக் காட்டுவழியே வெகுதூரம் நடக்க வேண்டிய ஊர் அவளுக்கு. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் கட்டை அடுக்குவதை விடவில்லை. தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் வரிசை பிடிக்கிற வேலை அது. நான் பாடம் படிக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டே, பொம்பளைப் பிள்ளை இவ்வளவு படிச்சு என்ன செய்யப்போற என்று கேலி பண்ணுவாள். எங்கள் வீட்டில் என் பேச்சுக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான். நான் கடைசி வருஷத்துக்குப் போனபோது அவளுக்கு ஆறு மாசம்.

அந்த வருஷம் எங்கள் துறைக்கு ஓர் ஆய்வு வந்திருந்தது. கிராமத்துக் கர்ப்பிணிகளுக்கு நர்ஸ் வந்து ஊசி போட்டு, சத்து மாத்திரை கொடுத்து, ரத்தக்கொதிப்புப் பார்த்து, பிரசவம்வரை கவனிக்கிற அரசாங்கத் திட்டம் இருக்கிறதே, அது உண்மையில் பலன் தருகிறதா என்று அளந்து சொல்ல வேண்டும். கடைசி வருஷ மாணவர்களுக்கு அதுதான் ப்ராஜெக்ட். ஆளுக்குச் சில ஊர். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, பதிலையெல்லாம் எண்ணாக்கி, கை-ஸ்கொயர் என்கிற புள்ளியியல் சோதனை போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த வருஷ மாணவர்கள் அதே வட்டார ஊர்களில் இன்னொரு சுற்றுக் கேட்பார்கள்.

எங்களுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் இரண்டு விதிகளை அச்சடித்தே கொடுத்திருந்தார். ஒன்று, அந்த வீட்டில் வழக்கமாகக் குடியிருக்கும் பெண்களிடம் மட்டும் கேட்க வேண்டும், விருந்தாளியாக வந்திருப்பவர்களைச் சேர்க்கக் கூடாது. இரண்டு, அந்த ஊர் நர்ஸின் பொறுப்பில், அந்த ஊரில் நடந்த பிரசவத்தை மட்டும் எழுத வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஒரே ஆளை இரண்டு ஊரில் எண்ணிவிடக் கூடாது, ஒரு நர்ஸின் வேலைக்கு இன்னொரு நர்ஸுக்கு மார்க் போய்விடக் கூடாது. நியாயம்தானே. நாங்களும் தலையை ஆட்டிக்கொண்டு கிளம்பினோம்.

ஆடிக்காற்று கரிசல் மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற மாசம். தாளைப் பிடித்து எழுத முடியாது. எனக்கு விழுந்த முதல் ஊரில், முதல் தெருவிலேயே, ஒரு பெண் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நிறைமாசம். அவளிடம் கேட்க ஆரம்பித்தேன். உள்ளே இருந்து வந்த அவள் அம்மா, இவள் கட்டிக்கொடுத்த மகள், தலைப்பிரசவத்துக்குக் கூட்டிவந்திருக்கிறோம் என்றாள். விருந்தாளி. தாளில் அவள் பெயரை அடித்துவிட்டேன். சரி, இந்த வீட்டு மருமகள் எங்கே என்று கேட்டால், அவளுக்கும் இதுதான் தலைப்பிரசவம், அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஊரில் இல்லாதவள், அவளையும் அடித்தேன். அந்த வீட்டில் பிரசவத்துக்கு வந்தவளும் இருக்கிறாள், பிரசவத்துக்குப் போனவளும் இருக்கிறாள், என் தாளில் ஒருத்தியும் இல்லை.

தெருத் தெருவாக இதே கதைதான். வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு தெருவுக்குப் போனேன், அங்கேயும் இதுதான். எந்தச் சாதியானாலும் எங்கள் பக்கம் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். ஏழாம் மாசம் வளையல் போட்டுக் கூட்டிப்போனால் பிள்ளையோடுதான் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். இரண்டாவது, மூன்றாவது என்றால் மாமியார் வீட்டிலேயே நடந்துவிடும். அப்படியானால் எங்கள் இரண்டு விதிகளும் சேர்ந்து என்ன செய்கின்றன? புகுந்த ஊரில் கேட்டால் பிரசவம் இங்கே நடக்கவில்லை, பிறந்த ஊரில் கேட்டால் இவள் இந்த ஊர்க்காரி இல்லை. கரிசக்காட்டுத் தலைச்சன் பிள்ளை மொத்தமும் கணக்கை விட்டு வெளியே. ஏற்கனவே பெற்றுப் பழகி, உடம்பு தேறினவர்களை மட்டும் எண்ணிக்கொண்டு திட்டம் பிரமாதம் என்று சொல்லப்போகிறோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நாங்கள் பூசணித் தோட்டத்தையே மறைத்துக்கொண்டிருந்தோம்.

நர்ஸுகளின் பதிவும் இப்படித்தான் இருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அளக்கிறவனுக்கும் அளக்கப்படுகிறவனுக்கும் ஒரே இடத்தில் கண் தெரியவில்லை. பிறகு எப்படிக் குறை தெரியும்?

அடுத்த நாளே பேராசிரியரிடம் போனேன். அவர் இதை எதிர்பார்க்கவில்லை. விருந்தாளிகளைச் சேர்த்தால் சாம்பிள் கெட்டுவிடும் என்றார். விதி எங்கள் ஊருக்காக எழுதினதில்லை, பெரிய பெரிய கணக்கெடுப்புகளில் எல்லாம் இதுதான் விதி என்றார். இவர் என்ன டெல்லியிலா பிறந்தார்? விளாத்திகுளம் பக்கத்துக்காரர். இவர் அம்மா இவரைப் பெற்றதும் இப்படித்தான் தன் அம்மா வீட்டில் இருந்திருக்கும். அது மட்டுமில்லை, அந்த மாசம் அவருடைய மகளே மதுரையிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்து அவர் வீட்டில்தான் இருந்தாள். டவுனில் பெரிய நர்சிங் ஹோமில் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் துறைக்கே தெரியும்.

"உங்க மக எந்த ஊர்க் கணக்குல வருவாங்க சார்?" என்று கேட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. வீட்டு விஷயத்தை ஆய்வுக்குள் கொண்டுவரக் கூடாது என்றும், பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்றும் சொன்னார். ஆய்வே பொம்பளைப் பிள்ளைகளின் வீட்டு விஷயம்தான். அதைச் சொல்லவும் வாய் வந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னைத் துரத்தியிருப்பார். விருந்தாளிகளையும் தனியாக எழுதிக்கொள்கிறேன், கடைசியில் பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். உன் இஷ்டம் என்றார்.

ஆவணியில் மதினிக்கு வளைகாப்பு. அவள் இந்த வீட்டை விட்டு இறங்கியதும் எந்த நர்ஸுக்கும் சொந்தமில்லாதவள் ஆகிவிடுவாள் என்பது அந்த வீட்டிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அம்மாவிடம் சொன்னேன், அனுப்ப வேண்டாம், இங்கேயே பெறட்டும் என்று. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மகளைக் கூட்டிப்போக வந்தவர்களை வெறுங்கையாக அனுப்பினால் ஊர் காறித் துப்பாதா என்றாள். அண்ணனிடம் சொன்னேன். அவன் மதினியைப் பார்த்தான். மதினிதான் பேசினாள்.

"அங்கன போனாத்தான் நான் ஒரு நாளாவது காலை நீட்டிப் படுப்பேன். அதையும் வேண்டாங்கியா?"

அவள் சொன்னது சத்தியம். எங்கள் பெண்களுக்கு ஆயுசில் கிடைக்கிற ஒரே லீவு அதுதான். கட்டை அடுக்க வேண்டாம், தண்ணீர் சுமக்க வேண்டாம், கேட்டதைச் செய்துபோட அம்மா இருப்பாள். வழக்கத்தைக் குறை சொல்கிறவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். பெண் எங்கே போவாள் என்று ஊருக்கே தெரியும், நாள் குறித்து, மேளம் வைத்து, பஸ் ஏற்றி அனுப்புகிறோம். ஒளிந்தா போகிறாள்? அவள் போகிற இடத்துக்கு ஊசி போகவில்லை என்றால் குற்றம் ஊசியைக் கொண்டுபோக வேண்டியவன்மேல்.

அதனால் நானே கூடப் போனேன். அந்த ஊரில் நர்ஸ் வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் வந்து உட்காருவாள். மதினியைக் கூட்டிக்கொண்டு போய் அவள் முன்னால் நிறுத்தினேன். நல்ல பெண்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிள்கூட இல்லாமல் ஊர் ஊராக நடந்து கறுத்துப்போயிருந்தாள். மதினியின் கர்ப்பகாலப் பதிவு கார்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"மாப்பிள்ளை ஊர்ல பதிஞ்சிருக்குல்லா. நான் இங்கன ஊசி போட்டா அங்கன ஒண்ணு குறையும், இங்கன ஒண்ணு கூடும். ரெண்டு பேருக்கும் மேல இருந்து கேள்வி வரும். அவிய நர்ஸ்கிட்டயே ஒரு நடை போய் வந்திருங்க."

ஏழு மாச வயிற்றோடு, இரண்டு பஸ் மாறி ஒரு நடை. அவளாக மனசு கேட்காமல் கொஞ்சம் சத்து மாத்திரையை அள்ளி மதினியின் கையில் வைத்தாள். ரத்தக்கொதிப்பு பார்க்கச் சொன்னேன். கருவி இன்றைக்குக் கொண்டுவரவில்லை, அடுத்த வாரம் பார்ப்போம் என்றாள். அடுத்த வாரம் எனக்குக் கல்லூரி. எங்கள் ஊர் நர்ஸைப் பிடித்துக் கேட்டால், அவள் மதினியின் பெயருக்கு நேரே தாய்வீடு என்று எழுதி முடித்துவிட்டிருந்தாள். தாய்வீடு போனவளுக்கு இனி ஒரு கவலையும் இல்லை போலிருக்கிறது.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மதினிக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது. தலைச்சன் என்றால் வீங்கத்தான் செய்யும், ஆம்பிளைப் பிள்ளை என்று சந்தோஷப்பட்டார்கள். தலைவலி என்றாள், நெற்றியில் பற்றுப் போட்டார்கள். ஒரு காலையில் கண் மங்குகிறது என்று சொன்னவளுக்குக் கொஞ்ச நேரத்தில் ஜன்னி வந்து உடம்பு வெட்டியது. கரிசல் நனைந்தால் வண்டிச் சக்கரத்தை விடாது. கயிற்றுக் கட்டிலில் போட்டு ஆள் மாற்றி ஆள் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு வேனை மறித்து ஏற்றினார்கள். வலியும் கூடவே வந்துவிட்டது. வேனிலேயே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழுதது என்று மதினியின் அம்மா சொன்னாள், நல்ல சத்தமாகவே அழுதது என்று அழுத்திச் சொன்னாள். டவுன் வருவதற்குள் அடங்கிவிட்டது.

தகவல் வந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மதினிக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. டாக்டர் வெளியே வந்து, கூட்டத்தில் படித்தவள் மாதிரி தெரிந்த என்னைப் பார்த்து, இந்தப் பொண்ணுக்கு யாருமே பிரஷர் பார்க்கவில்லையா, முன்னாலேயே பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதே என்று கேட்டார். இவள் எந்த ஊர்க் கணக்கிலும் இல்லை டாக்டர் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அழுகையில் உளறுகிறாள் என்று நினைத்திருப்பார். நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மதினி பிழைத்துக்கொண்டாள். நினைவு தெளிந்து பிள்ளை எங்கே என்று அவள் கேட்டபோது, புதைத்தாகிவிட்டிருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை அவள்.

அந்த வெறியில்தான் ஆய்வறிக்கையை எழுதினேன். விருந்தாளி என்று அடிக்கப்பட்ட பெண்களுக்கெல்லாம் தனியாக ஓர் அட்டவணை போட்டேன். ஊசி போட்டது, போடாதது, கொதிப்புப் பார்த்தது, பார்க்காதது, பிள்ளை தங்கியது, தங்காதது. கால்குலேட்டரைத் தட்டித் தட்டி விரல் வீங்கியது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அப்பட்டமாக நின்றது, எந்தக் கை-ஸ்கொயரும் தேவைப்படாத அளவுக்கு. பேராசிரியரிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் பொறுமையாக வாசித்தார். அதுவே எனக்கு ஆச்சரியம். வாசித்துவிட்டு, உருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆய்வின் எல்லைக்குள் வராது, எடுத்துவிடு என்றார். என் மதினியைப் பற்றிச் சொன்னேன். வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே அந்தப் பக்கங்களை உருவித் தனியாக வைத்தார். அவர் கையெழுத்து இல்லாமல் நான் பரீட்சை எழுத முடியாது. ஆய்வின் குறைபாடுகள் என்ற பகுதியில் ஒரு வரி எழுதிக்கொள்ள அனுமதி கொடுத்தார். தற்காலிகமாக வந்து தங்கியிருந்த பெண்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவ்வளவுதான். வீட்டுக் குப்பையை எல்லாம் ஒதுக்கித் தள்ள ஒரு மூலை வேண்டுமில்லையா, ஆராய்ச்சிக்காரர்களுக்கு அந்தப் பகுதி.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் என் அட்டவணைகளைப் புரட்டிவிட்டு, டேட்டா ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். ரத்தம் பட்டதையெல்லாம் துடைத்தெடுத்துவிட்டால் சுத்தமாகத்தான் இருக்கும் என்றேன். அதை அவர் ஏதோ உவமை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். எங்கள் செட் செய்ததுதான் அந்த வருஷத்தின் சிறந்த ப்ராஜெக்ட். திட்டம் நல்ல பலன் தருகிறது என்று எல்லார் அறிக்கையும் ஒரே குரலில் சொன்னது.

அடுத்த ஆடியில் இரண்டாவது சுற்று வந்தது. நான் படிப்பு முடித்து வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். எனக்கு அடுத்த செட் மாணவி ஒருத்தி எங்கள் தெருவுக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும், அக்கா உங்க வீடா என்று சந்தோஷமாக உட்கார்ந்தாள். அதே கேள்வித்தாள். அதே இரண்டு விதி. ஓர் எழுத்து மாற்றவில்லை. அம்மாவிடம் கேட்டுக்கொண்டே வந்தவள், போன ஆடிக்கு அப்புறம் இந்த வீட்டில் ஏதாவது பிரசவம் உண்டா என்றாள்.

இல்லம்மா என்றாள் அம்மா. அவள் பொய் சொல்லவில்லை. இந்த வீட்டில் நடக்கவில்லைதானே.

மதினி சுவரோரம் உட்கார்ந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பற்றி அவள் வாய் திறந்து மாசக்கணக்காகிவிட்டது. நாங்களும் எடுப்பதில்லை. அவள் கை நின்றது.

"ஏன்த்தை இல்லங்கீங்க? எனக்குப் பொறந்தான்லா." பிறகு அந்த மாணவியிடம் திரும்பினாள். "எழுதிக்கோம்மா. ஆம்பளைப் பிள்ளை. அழுதிருக்கான்."

மாணவி என்னைப் பார்த்தாள். எங்கே பிறந்தது என்று மெதுவாகக் கேட்டாள். மதினி சொன்னாள். இவளுக்கு விதி ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அது அவங்க அம்மா ஊர்க் கணக்குலல்லா வரும்க்கா என்று என்னிடம் ஆரம்பித்தாள். அந்த ஊரிலும் இவளை மாதிரி ஒருத்தி போய், கட்டிக்கொடுத்த மகள்தானே, இந்த ஊர்க்காரி இல்லையே என்று அடித்துவிட்டு வந்திருப்பாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்திருப்பேன். மதினி கழுத்தை நீட்டித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுது" என்றேன்.

அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். கட்டங்களுக்குள் எழுதவில்லை. தாளைச் சாய்த்துப் பிடித்து, அச்சு இல்லாத ஓரத்தில் இரண்டு வரி எழுதினாள். ஓரத்தில் எழுதுவது எதுவும் கூட்டலில் ஏறாது. கட்டத்தில் இருப்பதை மட்டும்தான் எண்ணுவார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எழுதியாச்சா என்று மதினி கேட்டாள். ஆச்சுக்கா என்றாள் அவள்.

மதினி மடியிலிருந்த குச்சிகளை உதறிவிட்டு எழுந்தாள். அத்தனை மாசத்துக்குப் பிறகு அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. பிள்ளை வெயில்ல வந்திருக்கு, காப்பி போட்டுட்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டே அடுப்பங்கரைக்குள் போனாள்.